அத்தையின் கெண்டைக்கால்

எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத மரியாதை அத்தையின் கால்களுக்கு இருந்தது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. வரன்கள் வருவதும் போவதுமாக, முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தாள். அப்பா அவளை அப்போதும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்கு வேலை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனிதான், அதில் ஒன்றும் விசேஷமில்லை. ஆனால் மற்ற பெண்களெல்லாம் ஷூவைத் தைத்தார்கள், பசை தடவினார்கள், பெட்டியில் போட்டு அடுக்கினார்கள். அத்தை மட்டும் ஷூவைப் போட்டுப் பார்த்தாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நான் பெருமையாகச் சொல்லப்போய், "சும்மா ரீல் வுடாதடி" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். விஷயம் இதுதான். வெளிநாட்டுக்குப் போகிற ஷூவோ பூட்ஸோ எதுவானாலும் முதலில் ஒரே ஒரு ஜோடி சாம்பிள் செய்வார்கள். அதை ஒரு மனுஷக் காலில் மாட்டி, நடக்கவைத்துப் பார்த்த பிறகுதான் ஆயிரக்கணக்கில் தைக்க ஆரம்பிப்பார்கள். மாட்டிப் பார்க்கிற கால் ஏனோதானோவென்று இருக்கக் கூடாது. நீளம், அகலம், கணுக்கால், கெண்டைக்கால் எல்லாமே வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்த அளவில் இருக்க வேண்டும். ஒருநாள் கம்பெனிப் பெண்களை வரிசையாக உட்காரவைத்து அளந்திருக்கிறார்கள். அளவுக்குள் அப்படியே உட்கார்ந்த கால் அத்தையுடையது. அன்றைக்கே, லைனில் வரிசையோடு வரிசையாகத் தைத்துக்கொண்டிருந்தவளை எழுப்பிக் கூட்டிப்போய், ஏ.சி. போட்ட சாம்பிள் ரூமில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து வீட்டில் புதுச் சட்டங்கள் வந்தன. அத்தை வெறுங்காலோடு வாசல் தாண்டக் கூடாது. தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, தவறிக் காலில் விழுந்துவிட்டால்? நான் அவள் பக்கத்தில் பாண்டி ஆடக் கூடாது. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் கோயில் ஜனம் மொத்தமும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும்போது அத்தை மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பாள். ஆண்டவர் மன்னிப்பார், சூப்பர்வைசர் மன்னிக்க மாட்டார் என்பது அம்மாவின் கட்சி. அம்மா வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அத்தையின் நகத்தைக்கூட அவள்தான் வெட்டிவிடுவாள், ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற முகத்தோடு.

எங்கள் ஊர் தனி மாவட்டம் ஆவதற்குச் சில வருஷம் முன்னால், நான் ஆறாவது பரீட்சை எழுதி முடித்த ஏப்ரலில், அந்தக் காலுக்கு வந்தது சோதனை.

வேலூர்ப் பக்கத்து வெயிலில் நாய் நிழல் தேடி ஓடுகிற மாதத்தில்தான் பனி நாட்டுக்கான பூட்ஸ் தயாராகும். முட்டி வரைக்கும் உயரம், உள்ளே கம்பளி, பக்கவாட்டில் நீளமாக ஒரு ஜிப். அன்று சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வந்த அத்தை, சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காமல் அடுப்படி வாசலில் நின்றாள்.

"அண்ணி, ஜிப்பு ஏறல."

"எந்த ஜிப்பு?" என்றாள் அம்மா, வெங்காயத்தை விடாமல்.

"பூட்ஸ் ஜிப்பு. பாதியில வந்து நின்னுக்கிச்சு."

"நல்லா இழுத்துப் பாக்கறதுதானே?"

"ரெண்டு பேர் இழுத்தாங்க அண்ணி."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். ஜிப்பின் இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்ததாம். இத்தனை வருஷமாக, ஒரு பூட்ஸ் அத்தைக்குச் சேரவில்லை என்றால் தப்பு பூட்ஸின்மேல்தான். உடனே பிரித்து வேறு மாதிரி வெட்டுவார்கள். இந்த முறைதான் சூப்பர்வைசர் பூட்ஸைப் பார்க்காமல் காலைப் பார்த்திருக்கிறார். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தால் சதை வைக்காமல் என்ன செய்யும்? ஜூன் மாதம் ஜெர்மனியிலிருந்து ஆள் வருகிறார்கள், அதற்குள் கம்மி பண்ணிக்கொள், இல்லையென்றால் நான் வேறு கால் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். திட்டவில்லை, அமைதியாகத்தான் சொன்னாராம். அதுதான் அத்தைக்குப் பயமாக இருந்தது.

வேறு கால் வந்துவிட்டால் அத்தை பழையபடி லைனுக்குப் போக வேண்டும். மணிக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு, தலைக்குமேல் கத்துகிற ஆள், தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கேள்வி. அதுகூடப் பரவாயில்லை. அவளை இவ்வளவு நாளாக 'மகாராணி கால்' என்று சொல்லிச் சிரித்த பெண்களுக்கு நடுவில் திரும்பிப் போய் உட்கார வேண்டும்.

"என்னால முடியாது அண்ணி. அந்த வரிசையில மறுபடியும் போய் உக்காரச் சொன்னா நான் வேலையே வேணாம்னு வந்துடுவேன்" என்றாள் அத்தை. எனக்கும் பயம்தான். பள்ளிக்கூடத்தில் என் பெருமை முழுவதும் அந்தக் கால்களின்மேல்தான் நின்றுகொண்டிருந்தது என்பதை மறைப்பானேன்.

இந்த இடத்தில் அப்பா உள்ளே வந்தார். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். கோடை விடுமுறை விட்டு நான்கு நாளாக ஓட்டப் பிள்ளைகளும் இல்லாமல் கபடிப் பிள்ளைகளும் இல்லாமல், கழுத்தில் விசிலோடு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் முகத்தில் கவலை வரவில்லை. வெளிச்சம்தான் வந்தது.

"இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு நிக்கிற? எங்கிட்ட வுடு பாப்பா. லீவு முடியறதுக்குள்ள உன் காலை சீவி எடுத்துடறேன்."

"காலையில நடந்தா போதும். சோத்தக் கம்மி பண்ணா போதும்" என்றாள் அம்மா.

"நீ ஊசி போடு. எக்சர்சைஸ் என் டிபார்ட்மென்ட்."

அம்மா அப்பாவின் தொந்தியை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் விடிகிற நேரத்துக்குப் பாலாற்றில் இருந்தோம். பாலாறு என்றதும் தண்ணீரை நினைத்துக்கொள்ள வேண்டாம். லாரிகள் அள்ளியது போக மிச்சமிருந்த மணல், நடுவில் சீமைக்கருவேலம், ஆற்காட்டுக்குப் போகிற நீளமான பாலம், அதற்கடியில் வரிசையாகத் தூண்கள். அத்தை அப்பாவின் பழைய டிராக் பேன்ட்டும் அதற்குமேல் சுடிதார் டாப்பும் போட்டு, துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி இறுக்கியிருந்தாள். உலகத்துக்கே ஷூ போட்டுப் பார்த்தவளிடம் ஓடுவதற்கு ஒரு ஷூ இல்லை. கபடிப் பையன்களின் கேன்வாஸை அப்பா கொண்டுவந்திருந்தார், அது படகுபோல் இருந்தது.

"கழட்டிப் போடு. மணல்ல வெறுங்காலோடதான் ஓடணும், அப்பதான் சதை கரையும்."

"அண்ணி திட்டுவாங்கண்ணா."

"அவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. நீ எறங்கு."

அத்தை கண்ணாடிமேல் வைப்பதுபோல ஒவ்வொரு காலாக மணலில் வைத்தாள். வைத்ததும் "ஐயோ, சில்லுனு இருக்குதுண்ணா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் கல் தரையில்கூடச் சாக்ஸோடு நடந்தவள். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை அவளுடைய செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொள்வது. விடுமுறையில் வெயில் ஏறும்வரை தூங்க வேண்டிய பிள்ளையை இப்படி எழுப்பிக் கொண்டுவந்து செருப்புக்குக் காவல் போட்டார்கள் என்ற எரிச்சல் எனக்கு அந்தக் கோடை முழுவதும் தீரவில்லை.

முதல் வாரம் பார்க்கவே பேஜாராக இருந்தது. சீமைக்கருவேலம் வரைக்கும் ஓடுவாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், வாந்தி எடுப்பாள். ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுத்து "அம்மா!" என்று அலறுவாள். அம்மா எழுந்து தைலம் தேய்த்துக்கொண்டே அப்பா படுத்திருந்த திசையைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பாள். அப்பா அசையவில்லை. விடிந்ததும் கரையில் மொபெட்டை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தபடியே விசில் ஊதிப் பயிற்சி கொடுத்தார். மணலில் ஓட்டம், அப்புறம் கயிறு தாண்டுவது, அப்புறம் தவளைப் பாய்ச்சல். கடைசியாகக் கரைப் படிக்கட்டில் நுனிக்காலில் நின்று ஏறி இறங்குவது. மாவட்டப் போட்டிக்குப் போகிற பையன்களுக்கு என்னவெல்லாம் உண்டோ அது அத்தனையும் அத்தைக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசைக்குப் போவதால் ஓய்வு.

எதிர்வீட்டு பாய் தினமும் ஆற்றுக்கரையில் நடக்க வருவார். "இன்னா மாஸ்டர், தங்கச்சிய ஸ்டேட் லெவலுக்கு அனுப்பப் போறீங்களா?" என்று சிரிப்பார். அப்பா மிதப்பாக, "பாருங்க பாய், இன்னும் ஒரு மாசத்துல பாருங்க" என்பார்.

ஒரு மாதம் ஆவதற்கு முன்பே மாற்றம் தெரிந்தது. அத்தை சீமைக்கருவேலத்தைச் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்காமல் திரும்பிவர ஆரம்பித்தாள். ஊக்கு குத்திய துப்பட்டாவை ஒருநாள் அவளே கழற்றி, "இந்தா குட்டி, இதையும் நீயே வச்சிக்கோ" என்று என் மடியில் போட்டாள். கன்னம் ஒட்டிப்போய் முகத்தில் ஒரு களை வந்தது. பூசைக்குப் போட்ட ரவிக்கை தொளதொளவென்று ஆகி, அம்மா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். கோயிலில் பார்த்தவர்கள் எல்லாரும் "இன்னாம்மா, இப்படி எளைச்சிட்ட?" என்று விசாரித்தார்கள். சோறு பாதியாகி, கொள்ளு ரசமும் வேகவைத்த காயுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆற்காட்டிலிருந்து அப்பா வாங்கிவந்த மக்கன் பேடாவை அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பங்கும் எனக்கே வந்ததில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

பூட்ஸை இடையில் போட்டுப் பார்க்க வழியில்லை. சாம்பிளைப் பிரித்து வேறு ஏதோ திருத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அதனால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை. இடுப்பு இளைத்தது, முகம் இளைத்தது, கால் மட்டும் தனியாக என்ன செய்துவிடப்போகிறது?

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் அத்தையின் காலைப் பிடித்து என் பக்கம் நீட்டினார்.

"தொட்டுப் பாரு. இன்னா மாதிரி இருக்குது?"

தொட்டுப் பார்த்தேன். அழுத்தினால் விரல் உள்ளே போகவில்லை.

"கல்லு மாதிரி இருக்குதுப்பா."

"அப்பிடிச் சொல்லு! கல்லு! கொழுப்புன்னு ஒரு பொட்டு கிடையாது" என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "இன்னா, நடந்தா போதும்னியே?"

அம்மாவும் குனிந்து தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் பெருமை வரவில்லை. ஏதோ யோசனை ஓடியது. எழுந்துபோய்த் தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, கம்பெனியில் எந்த இடத்தில் அளப்பார்கள், ஜிப் ஏறாத அன்று அளவு எவ்வளவு இருந்தது என்று கேட்டு, அங்கேயே சுற்றினாள். பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடியும் சுற்றினாள். அடுத்த காலில் சுற்றினாள்.

"இன்னா அண்ணி?" என்றாள் அத்தை.

"முன்னைக்கு இப்ப ஜாஸ்தியா இருக்குது."



"டேப்பு பழசு, இழுத்துக்கினு இருக்கும்" என்றார் அப்பா.

"இழுத்திருந்தா கம்மியாதானே காட்டணும்?"

அப்பா விடவில்லை. என் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை எடுத்துவரச் சொல்லி டேப்போடு ஒட்டிவைத்துப் பார்த்தார். ஸ்கேலும் டேப்பும் ஒற்றுமையாக இருந்தன. "அப்ப வீக்கமா இருக்கும். ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்றார். சொல்லும்போதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். குரலில் அந்த விசில் சத்தம் இல்லை. கபடிப் பையன்கள் வருஷா வருஷம் மணலில் ஓடி என்ன கால்களோடு வெளியே வருவார்கள் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? உடம்பில் ஊளைச்சதை கரைந்தது உண்மை. கெண்டைக்காலில் கரைந்த இடத்தில் அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"காலை ஏத்தத்தான் எனக்குத் தெரியும்" என்றார், ஸ்கேலை என்னிடம் திருப்பிக் கொடுத்தபடி. "எறக்கிப் பழக்கம் இல்ல பாப்பா."

அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு பொட்டப்புள்ள பொழப்புல விளையாடிட்டீங்களே! நல்லாருப்பீங்களா நீங்க?" என்று கேட்டேவிட்டாள். அத்தை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி, வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்தேன்.

ஜெர்மனி ஆட்கள் வர இரண்டு வாரம்கூட இல்லை. அப்பாவின் பதவி பறிபோய், பொறுப்பு அம்மா கைக்கு வந்தது. ஓட்டத்துக்குத் தடை. படி ஏறத் தடை. சாப்பாட்டில் உப்பில்லை. வேலை முடிந்து வந்ததும் அத்தை தரையில் படுத்து, இரண்டு காலையும் சுவரில் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி ஐஸ் ஒத்தடம், அதற்குமேல் ஆஸ்பத்திரி பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு தூக்கம். அவள் அப்படிப் படுத்திருந்த நேரத்தில் எங்கள் தெரு அன்பியக்கூட்டத்துப் பெண்கள் ஜெபம் சொல்ல வந்துவிட்டார்கள். சுவரில் சாய்ந்திருந்த பேண்டேஜ் காலைப் பார்த்ததும் அவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாதாவே, இந்தப் பிள்ளைக்கு இன்னா ஆச்சு?" என்றார்கள். ஜிப் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அம்மா, "கால்ல கொஞ்சம் பிரச்சினை" என்றாள். அவ்வளவுதான், ஒரு ஜெபமாலை முழுவதும் அத்தையின் காலுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டது. மறுநாள் ஒருவர் ஆப்பிள் கொண்டுவந்தார், இன்னொருவர் ஹார்லிக்ஸ் கொண்டுவந்தார். ஹார்லிக்ஸ் சதை வைக்கும் என்று அதுவும் எனக்கே வந்தது.

அம்மா சொன்னபடியெல்லாம் அத்தை கேட்டாள். ஆனால் அந்த நாட்களில் அவள் முகத்தில் ஈயாடவில்லை. விடிகாலையில் எழுந்து, போக இடமில்லாமல் வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடப்பாள். அம்மா "உக்காரு" என்றால் உட்காருவாள். ஒருநாள் காலையில் சாம்பாரைக் கிளறிக்கொண்டே அடுப்புமுன்னால் நுனிக்காலில் எழும்புவதும் இறங்குவதுமாக நின்றாள். மேல் தட்டில் மிளகாய் டப்பா எட்டவில்லை போலிருக்கிறது என்று நான் ஓடிப்போய் ஸ்டூல் கொண்டுவந்து போட்டேன். "இன்னாத்துக்குடி இது?" என்று கேட்டுவிட்டு, அத்தை சிரித்துக்கொண்டே என் தலையில் தட்டினாள்.

அந்த நாளும் வந்தது. அத்தை குளித்து, மாதா படத்துக்குமுன் நின்று கும்பிட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினாள். அம்மா டியூட்டியை மாற்றிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். அப்பா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கவில்லை என்பது மட்டும்தான் குறை. நேராகப் பிடித்தபடி அதே பக்கத்தை மத்தியானம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். சாயந்திரம் தெருமுனையில் பஸ் நின்றதும் மூன்று பேரும் வாசலுக்குப் போய்விட்டோம்.

அத்தை எப்போதும்போல் நடந்துவந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"ஏறல அண்ணி" என்றாள்.

உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். ஜெர்மனியிலிருந்து வந்தது ஒரு வயசான அம்மா. ஜிப் போன தடவையைவிடக் கீழேயே நின்றுவிட்டது. சூப்பர்வைசர் முகம் சுருங்கிப்போய்விட்டது. அந்த அம்மாள் தானே தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, அத்தையின் கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்திருக்கிறாள். அப்புறம் நிமிர்ந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டாள்.

"இன்னா கேட்டாங்க?" என்றார் அப்பா.

"நீ ஓடறியான்னு கேட்டாங்கண்ணா. ஆமான்னேன். எவ்ளோ நாளான்னு கேட்டாங்க. இந்த லீவுலதான்னு சொன்னேன். அந்தம்மா சிரிச்சிட்டு, நல்லா இருக்குது, சூப்பர்னு எனக்குக் கை குடுத்தாங்க." அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்புறம் கலவை ஊர்ல இருந்து வர்ற ஒரு சின்னப் பொண்ண இட்டாந்தாங்க. பேக்கிங்ல இருக்கறவ. அவளுக்கு ஒரே இழுப்புல ஏறிக்கிச்சு."

ஷூ எங்கே இறுக்குகிறது, எங்கே உரசுகிறது என்று சரியாகச் சொல்வதுதான் அந்த வேலையில் கஷ்டம். கலவைப் பெண்ணுக்குப் பயத்தில் பேச்சே வரவில்லையாம். அத்தைதான் அவள் காலடியில் உட்கார்ந்து, "இங்க புடிக்குதா, இங்க தட்டுதா" என்று கேட்டுக் கேட்டுச் சொல்லவைத்திருக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து அத்தைக்கு லைன்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் அழுதுவிட்டாள். அப்பா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி பீரோவுக்குமேல் வைத்தார். "நான்தான் கெடுத்துட்டேன் பாப்பா. நாளைக்கு வந்து சூப்பர்வைசரப் பாத்து நானே பேசறேன்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம் வுடுண்ணா." அத்தை எழுந்து முகம் கழுவப் போனாள். போகிற வழியில் திரும்பி, "அண்ணி, உப்பு போட்டு ஏதாவது சமைங்க. நாக்கு செத்துப் போச்சு" என்றாள்.

அன்று அவள் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம். துக்கத்தில் சிலருக்குப் பசி அதிகமாகும் என்று அம்மா பிறகு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

எல்லாம் முடிந்துவிட்டது, இனிமேலாவது விடியற்காலைத் தூக்கம் கிடைக்கும் என்று நான் படுத்தேன். விடிவதற்குமுன் யாரோ காலைச் சுரண்டினார்கள். அத்தை. டிராக் பேன்ட் போட்டு, தலையை இழுத்துக் கட்டியிருந்தாள்.

"எழுந்திரு குட்டி. வெயில் வந்தா மணல் சுடும்."

"இனிமே இன்னாத்துக்கு அத்தை?"

"வாயேன்" என்றாள்.

அப்பாவை எழுப்பவில்லை. இரண்டு பேரும் நடந்தே போனோம். வழியெல்லாம் நான் தூக்கக் கலக்கத்தில் முனகிக்கொண்டு வந்தேன். கரையில் செருப்பைக் கழற்றி என் முன்னால் விட்டுவிட்டு அத்தை மணலில் இறங்கினாள். கரையில் மொபெட் இல்லை, விசில் இல்லை, ஓடச் சொல்லவும் ஆளில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு ஓட ஆரம்பித்தாள்.

சீமைக்கருவேலத்தைச் சுற்றிக்கொண்டு திரும்புவாள் என்று பார்த்தேன். திரும்பவில்லை. அதைத் தாண்டி, பாலத்தை நோக்கி ஓடினாள். இவ்வளவு வேகமாக அவள் ஓடி நான் பார்த்ததில்லை. பாய் நடப்பதை நிறுத்திவிட்டுக் கையைக் கண்ணுக்குமேல் வைத்துப் பார்த்தார். பாலத்தின் முதல் தூண், அடுத்த தூண் என்று போய்க்கொண்டே இருந்தாள், பார்க்கப் பார்க்க ஆள் சின்னதாகிக்கொண்டே போனாள்.

எனக்குப் பசித்தது. அதைவிட அதிகமாக அத்தையை நினைத்துப் பாவமாக இருந்தது. ஜிப் ஏறவில்லை, அவள் வேலை கலவைப் பெண்ணிடம் போய்விட்டது, திங்கட்கிழமை லைனில் போய் உட்கார வேண்டும், இனி எவ்வளவு ஓடினாலும் பூட்ஸ் திரும்பி வரப்போவதில்லை. இத்தனையும் நடந்த பிறகும் அவளுக்கு இன்னும் விஷயம் புரியவில்லையே என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லி, பக்குவமாக அவளுக்கு எடுத்துச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் அவள் மனசு நோகக் கூடாது. அதனால் வியர்வை சொட்டச் சொட்ட, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அத்தை திரும்பி வந்தபோது, பெரிய மனுஷி மாதிரி ஒன்றுமே கேட்காமல் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.